கயிற்றிலிருந்து பக்கெட்டுக்கு

சிங்கப்பூரில் சாலையோர மரம் கழிக்கும் ஆட்களுக்கு மேன் லிஃப்ட் ஓட்டப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி, சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகள். முதல் நாள் முதல் ஒரு மணி நேரம் நான் வண்டியின் பக்கமே போவதில்லை. இந்த வண்டி எங்கே பிறந்தது, அதற்கு முன்னால் மரத்தில் எப்படி ஏறினார்கள், எதற்குப் பிறகு எந்த விதி வந்தது என்று கதை சொல்ல ஆரம்பித்துவிடுவேன். “அண்ணே, இதெல்லாம் பரீட்சையில வருமா?” என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். வராதுதான். ஆனாலும் சொல்கிறேன். பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டு என்று எத்தனை தடவை சொன்னாலும் மாட்டாத ஆள், அந்த விதி எப்படி வந்தது என்று காதில் வாங்கிக்கொண்ட பிறகு தானாகவே மாட்டுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கதையைக் கென்ட் என்ற ஊரிலிருந்து தொடங்குவேன். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் சிறிய ஊர். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் 1846இல் பிறந்த ஜான் டேவி என்பவர் 1873இல் அமெரிக்கா போய், சில ஆண்டுகள் கழித்து இந்த ஊரில் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் வேலையில் அமர்ந்தார். மரத்தை நடுவார்கள், வெட்டுவார்கள், இடையில் அதற்கு வைத்தியம் பார்ப்பது என்று ஒரு தொழில் இருக்க முடியும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. டேவி நினைத்தார். பட்ட கிளையை அறுத்தெடுத்தார், பொந்து விழுந்த மரத்தைச் சுத்தம் செய்து காப்பாற்றினார். 1901இல் ‘தி ட்ரீ டாக்டர்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். 1909 வாக்கில் ஒரு நிறுவனமும் ஆட்களைப் பழக்க ஒரு பள்ளியும் உருவாகிவிட்டன. அவர் மகன் மார்ட்டின் டேவி பின்னாளில் ஒஹாயோவின் ஆளுநராகவே ஆனார். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பள்ளிதான். மரவேலைக்கு வருகிறவனை முதலில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடு, பிறகு மரத்தில் ஏற்று என்று ஒருவர் முடிவு செய்தார். இன்று நான் சம்பளம் வாங்கும் வேலைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அந்தக் காலத்து மரவேலைக்காரர்கள் கயிற்றில்தான் ஏறினார்கள். உச்சிக்கு அருகே பலமான கவையாகப் பார்த்துக் கயிற்றைப் போடுவார்கள். ஒரு முனையை இடுப்பையும் தொடையையும் தாங்கும் இருக்கையில் கட்டி, அதன் வாலை எடுத்து மறுபக்கம் தொங்கும் கயிற்றின் மேல் சில சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சுப் போடுவார்கள். உடம்பின் பளு விழுந்தால் அந்த முடிச்சு கயிற்றை இறுகப் பிடிக்கும். கையால் மேலிருந்து அழுத்தினால் நழுவிக்கொடுக்கும். அந்த ஒரே முடிச்சை வைத்து ஏறலாம், இறங்கலாம், நடுவில் தொங்கியபடி இரண்டு கையாலும் அறுக்கலாம். நான் தொழிலுக்கு வந்த புதிதில் முதலில் கற்றதும் இதுதான். சொல்லித்தந்தவர் வயதான மலாய்க்காரர், தமிழ் ஓரளவு பேசுவார். போட்டுக் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கட்டச் சொன்னார். கட்டி முடித்ததும் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் என்னைத் தொங்கவிட்டார். முடிச்சு பிடிக்கிறதா இல்லையா என்று என் எடையே எனக்குச் சொல்லட்டும் என்பது அவர் பாடம்.

கயிற்றில் ஏறுகிறவன் ஒவ்வொரு கிளையையும் காலால் அழுத்திப் பார்த்துத்தான் அடுத்த அடி வைப்பான். உளுத்த கிளை வேறு மாதிரி அதிரும். பட்டைக்குள் ஈரம் இருக்கிறதா, சத்தம் கணீரென்று இருக்கிறதா, பொத்தென்று இருக்கிறதா என்பது கையிலும் காதிலும் ஏறிவிடும். எங்கள் ஊர்ப் பனையேறிகளிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். தளைநாரைக் காலில் மாட்டி, மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறுவார்கள். தூறல் விழுந்தால் எத்தனை பதநீர் வீணானாலும் இறங்கிவிடுவார்கள். இடுப்பில் கயிறு கிடையாது, விழுந்தால் அவ்வளவுதான். ஆனால் ஏறும் திறமையும் அதற்குரிய பயமும் ஒரே நேரத்தில், வருஷக்கணக்கில், சேர்ந்தே உடம்புக்குள் இறங்கியிருக்கும். எவ்வளவு தூரம் போகலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்கு யாரும் சொல்லாமலே தெரியும்.

வண்டியிலிருந்து நீளும் பூம் என்ற கையின் நுனியில் ஆள் நிற்கும் பக்கெட் வந்தபோது, இந்தத் திறமையும் பயமும் தனித்தனியாகப் பிரிந்தன. ஒரு லீவரைத் தள்ளினால் யார் வேண்டுமானாலும் உச்சிக்குப் போய்விடலாம். போவதற்கு வேண்டிய திறமை ஒரே நாளில் வந்துவிட்டது. அங்கே இருக்க வேண்டிய பயம் வரவில்லை. என் தொழிலின் கதை முழுவதும் இந்த இடைவெளியை அடைக்கப் பட்ட பாடுதான் என்று நினைக்கிறேன்.

பக்கெட் எதற்குத் தேவைப்பட்டது? இரண்டு காரணங்கள் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. ஒன்று, கம்பி. மின்சாரமும் தொலைபேசியும் ஊர் ஊராகப் போனபோது கம்பங்களும் மரங்களும் ஒரே தெருவோரத்தை நம்பி நின்றன. மரம் வளர்ந்து கம்பியைத் தொட்டது. பென்சில்வேனியாவில் ஆஸ்ப்ளண்ட் சகோதரர்கள் மூவர் 1928இல் தொடங்கிய நிறுவனம், மின்கம்பியை ஒட்டிய கிளைகளைக் கழிப்பதையே பெருந்தொழிலாக வளர்த்தது. 1935இல் அமெரிக்க அரசு கிராமப்புற மின்மயத்துக்குத் தனி அமைப்பு ஏற்படுத்தியபின் கம்பி போகாத காட்டுப் பாதையே இல்லை என்ற நிலை வந்தது. இரண்டாவது காரணம் ஒரு நோய். ஐரோப்பாவிலிருந்து மெல்லிய பலகை சீவுவதற்காக வந்த கட்டைகளோடு ஒரு வண்டும், வண்டோடு ஒரு பூஞ்சையும் வந்து சேர்ந்தன. 1930இல் ஒஹாயோவில் அந்த நோயைக் கண்டுபிடித்தார்கள். டச்சு எல்ம் நோய் என்று பெயர். அமெரிக்க நகரங்களில் தெருவின் இருபுறமும் நின்று மேலே கைகோத்து நிழல் கொடுத்த எல்ம் மரங்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் வரிசை வரிசையாகச் செத்தன. உயிருள்ள மரத்தில் கயிறு போட்டு ஏறலாம். செத்துக் காய்ந்த மரத்தில் எந்தக் கவையை நம்பி ஏறுவது? மரத்தைத் தொடாமலே உச்சிக்குப் போக ஒரு வழி வேண்டியிருந்தது.

வழி பழத்தோட்டத்திலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவில் ஜே ஐட்டல் என்பவர் 1944இல் ஒரு நாள் முழுக்க ஏணியை நகர்த்தி நகர்த்திச் செர்ரி பறித்து அலுத்துப்போய், ஆளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழத்தருகே நிறுத்தும் ஒரு கையை யோசித்தார். 1953இல் டெல்ஸ்டா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இதே கதை. ஓக்கனாகன் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்கு நடுவே ஆலிவர் என்ற ஊரில் டெட் தார்ன்டன்-டிரம்ப் என்பவர் 1950களின் தொடக்கத்தில் ‘ஜிராஃப்’ என்று பெயர் வைத்து ஒரு வண்டி செய்தார். பழம் பறிக்கச் செய்த கை சீக்கிரமே தொலைபேசிக் கம்பத்துக்கும் மரத்துக்கும் விமானத்தின் இறக்கையில் படிந்த பனியைக் கழுவுவதற்கும் போய்விட்டது. 1958இல் சிகாகோ தீயணைப்புத் துறையின் ஆணையர் ராபர்ட் க்வின் அதைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றினார்.

பெரிய மாற்றம் உயரத்தில் இல்லை. மேலே நிற்கிற ஆளின் கையிலேயே லீவர் இருந்ததுதான் மாற்றம். அதற்கு முன்னால் ஏணி வண்டியில் ஆள் மேலே நிற்பார், கீழே ஒருவர் சுற்றுவார், இருவரும் கத்திக் கத்திப் பேசிக்கொள்வார்கள். இப்போது மேலே இருப்பவர் தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுத்தார். ஆனால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதனால் வண்டியின் அடியில் இன்னொரு லீவர் வரிசை வைத்தார்கள். பின்னாளில் அமெரிக்கச் சட்டம் இதற்கு ஒரு விதி எழுதியது. கீழ்க் கட்டுப்பாடு மேல் கட்டுப்பாட்டை மீறி வேலை செய்ய வேண்டும். ஆனால் மேலே இருப்பவரின் அனுமதி இல்லாமல் அவசரத்துக்குத் தவிர வேறெதற்கும் கீழே இருப்பவர் அதைத் தொடக்கூடாது. பல விதிகளைப் படித்திருக்கிறேன், இதைப்போல மனுஷத்தன்மை உள்ள விதி குறைவு. அதிகாரம் கீழே இருக்கிறது, மரியாதை மேலே இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்வேன்.

ஆட்கள் எப்படி விழுந்தார்கள் என்பதை விளக்க ஒரு மூங்கில் கழியை எடுப்பேன். பூம் என்பது நீட்டிய தூண்டில் கோல் போன்றது. அடியில் ஒரு சின்ன ஆட்டம், நுனியில் பெரிய வீச்சு. அறுத்த கிளையின் அடிப்பக்கம் துள்ளி வந்து பூமின் மேல் விழுகிறது என்று வையுங்கள். பூம் கீழே அமுங்கி, மறுகணம் மேலே எகிறும். பக்கெட்டில் நிற்கும் ஆள் அந்த எகிறலில் வெளியே வீசப்படுவார். பக்கெட் உடையவில்லை, ஹைட்ராலிக் கெடவில்லை, வண்டி சாயவில்லை. எல்லாம் சரியாக இருக்கும், ஆள் மட்டும் தரையில் கிடப்பார். கிளையின் கவைக்கு அடியில் பக்கெட் சிக்கிக்கொண்டிருப்பது தெரியாமல் லீவரைத் தள்ளி, அது விடுபடும்போது எகிறுவதும் இதே கதைதான். மார்பு உயரம் சுற்றுச்சுவர் இருக்கிறதே, எப்படி விழுவோம் என்று எல்லாருக்கும் தோன்றும். அந்தச் சுவர் சாய்ந்து விழாமல்தான் காப்பாற்றும். தூக்கி எறிந்தால் காப்பாற்றாது. கொக்கி ஒன்றுதான் காப்பாற்றும்.

அடுத்தது கம்பி. பூமில் ஒரு பகுதியைக் கண்ணாடி இழையால் செய்து, மின்சாரம் தரைக்கு இறங்காமல் தடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது தரைக்குப் போகும் வழியைத்தான் அடைக்கிறது. மேலே இருப்பவர் ஒரு கையால் ஒரு கம்பியையும் மறு தோளால் இன்னொரு கம்பியையும் தொட்டால், மின்சாரத்துக்குத் தரை தேவையில்லை. அவர் உடம்பே போதும். ஈரக் கிளை ஒன்று கம்பியில் கிடந்து, அதன் மறுமுனையை அவர் பிடித்தாலும் ஆபத்துதான். தகுதிப் பயிற்சி இல்லாதவர்கள் 50 கிலோவோல்ட் வரையிலான கம்பியிலிருந்து 10 அடி விலகி நிற்க வேண்டும் என்ற கணக்கு இப்படிப்பட்ட சாவுகளிலிருந்துதான் வந்தது. லிஃப்ட் உலகில் பெரிய பெயரான ஜேஎல்ஜி நிறுவனம் தன் வரலாற்றைச் சொல்லும்போதும் மின்சாரத்திலிருந்தே தொடங்குகிறது. ஜான் குரோவ் தன் பழைய தொழிலை விற்றுவிட்டு மனைவியோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தவர், ஹூவர் அணைப் பக்கம் சாரத்தில் நின்று வேலை செய்த இருவர் மின்சாரம் பாய்ந்து இறந்த செய்தியைக் கேட்டு, திரும்பி வந்து 1969இல் நிறுவனம் தொடங்கினாராம். அடுத்த ஆண்டே முதல் லிஃப்ட் வந்தது.

மரவேலைக்கென்று தனியான பாதுகாப்புத் தரம் வந்த கதையைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அதைத் தொடங்கிவைத்தவர் பொறியாளரும் இல்லை, முதலாளியும் இல்லை. மரவேலையில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய். இந்தத் தொழிலுக்கு ஏன் விதியே இல்லை என்று கேட்டு அவர் மனுப் போட்டார். அந்த மனுவைத் தொடர்ந்து 1968இல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் இதற்கென்று ஒரு குழுவை அமைத்தது. இசட் 133 என்ற தரம் 1972இல் வெளியானது. இன்றுவரை திருத்தித் திருத்திப் புழக்கத்தில் இருக்கிறது. அந்தத் தாயின் மகன் எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தால் என்ன? என் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு அம்மா இருக்கிறார். அவர் எந்த அலுவலகத்துக்கும் மனு எழுத வேண்டிய நிலை வரக்கூடாது என்பதற்காகத்தான் நான் தொண்டை வறளக் கத்துகிறேன்.

அதே காலத்தில் அமெரிக்காவில் வண்டிக்கும் விதி வந்தது. வண்டியில் பொருத்திய லிஃப்டுகளுக்கான தரம் 1969இல். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் 1970 டிசம்பரில். அதன் கீழ் எழுதிய விதிகள் சிலவற்றை இன்றும் என் வகுப்பில் வரிக்கு வரி சொல்கிறேன். பக்கெட்டின் தரையில் இரண்டு காலையும் ஊன்றி நில். விளிம்பில் உட்காராதே, ஏறாதே, பலகையோ ஏணியோ போட்டு உயரத்தைக் கூட்டாதே. ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன்னால் லீவர்களைச் சோதி. கொக்கியைப் பூமிலோ பக்கெட்டிலோ மாட்டு. பக்கத்துக் கம்பத்திலோ வேறு கட்டுமானத்திலோ மாட்டாதே. அதே காரணத்துக்காக மரத்திலும் மாட்டக்கூடாது. பழைய கயிற்றுக்காரர்களுக்கு மரம்தான் நம்பிக்கை, மரத்தில் கட்டித்தான் பழக்கம். பக்கெட்டில் நின்றுகொண்டு மரத்தில் கட்டினால் என்ன ஆகும்? வண்டி நகர்ந்தாலோ பூம் இறங்கினாலோ, ஆள் மரத்தோடு நின்றுவிடுவார், பக்கெட் போய்விடும். இன்னொரு விதி, மரம் ஏறும் முள்ளைக் காலில் கட்டிக்கொண்டு பக்கெட்டில் ஏறக்கூடாது என்பது. அந்த இரும்பு முள் கண்ணாடி இழைத் தரையைக் குத்திவிடும். ஒரு தலைமுறை முள்ளோடு மரம் ஏறியதால்தான் இப்படி ஒரு விதி எழுத வேண்டியிருந்தது. காலையில் மரத்தில், மதியம் பக்கெட்டில் என்று இருந்த ஒரு காலம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இடுப்புப் பெல்ட் நீண்ட நாள் புழக்கத்தில் இருந்தது. விழுந்தவரை அது நிறுத்தும், ஆனால் வயிற்றை நெரித்து நிறுத்தும். உள்ளுறுப்புகள் நசுங்கும், ஆள் நழுவியும் போகலாம். விழுந்தபின் தாங்கிப் பிடிக்க இடுப்புப் பெல்ட் கூடாது என்று அமெரிக்கக் கட்டுமான விதி 1998 ஜனவரி 1 முதல் தடுத்தது. முழு உடம்பு ஹார்னஸ் வந்தது. பளு தொடைக்கும் தோளுக்கும் பிரியும். அதற்கும் ஒரு கெடு உண்டு. அசையாமல் தொங்கினால் தொடைப் பட்டி இறுகி, ரத்தம் காலிலேயே தேங்கி, மயக்கம் வரும்; நேரம் போனால் உயிரே போகும். அதனால் கொக்கி பிடித்துவிட்டது, ஆள் பிழைத்தார் என்று பெருமூச்சு விட நேரமில்லை. இறக்க வேண்டும், உடனே இறக்க வேண்டும். மரம் ஏறுவோருக்கான பெரிய போட்டி 1976இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கியது. உயரத்தில் மயங்கிய ஆளை இறக்கிக் கொண்டுவருவது இன்று அந்தப் போட்டியில் ஒரு தனிப் பிரிவு. யார் வேகமாக ஏறுகிறார் என்பதோடு, யார் இன்னொருவரைப் பத்திரமாக இறக்குகிறார் என்பதற்கும் மதிப்பெண் கொடுக்கும் போட்டி எனக்குப் பிடிக்கும்.

இனி சிங்கப்பூர். இங்கே சாலைக்குக் குடை பிடிக்கும் தூங்குமூஞ்சி மரம் தென்னமெரிக்காவிலிருந்து 1876இல் வந்தது. 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸ் என்ற சாலைச் சந்திப்பில் அன்றைய பிரதமர் லீ குவான் யூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டார். 1967இல் சிங்கப்பூரைத் தோட்ட நகரமாக்குவது என்ற முடிவு வந்தது. 1971 நவம்பரில் மவுண்ட் ஃபேபர் குன்றில் அமைச்சர் கோ கெங் சுவீ ஒரு தூங்குமூஞ்சி மரத்தை நட்டு, மரம் நடும் நாளைத் தொடங்கிவைத்தார். நட்ட கைகளைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. நட்டபின் கழித்துவிட வேண்டுமே, அதைச் செய்த கைகளைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. நகராட்சிக் காலத்திலிருந்தே சாலை வேலையிலும் தோட்ட வேலையிலும் தமிழர்கள் இருந்தார்கள். நான் வந்தபோது இருந்த மூத்தவர்களில் சிலர் ஏணியும் கத்தியும் கயிறுமாகவே வாழ்நாளைக் கழித்தவர்கள். உச்சியில் ஏறினால் வெற்றிலைச் சாறு துப்பக்கூட இறங்காமல் வேலையை முடிப்பார்கள்.

நாட்டின் பாதுகாப்புச் சிந்தனையை 2004ஆம் ஆண்டு புரட்டிப்போட்டது. ஏப்ரல் 20 அன்று நிக்கல் ஹைவேயில் ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் வேறு விபத்துகளும் நடந்தன. 2006இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. விபத்து நடந்தபின் அபராதம் போடுவது என்ற நிலை மாறி, வேலைக்கு முன்னாலேயே என்ன ஆபத்து என்று எழுதிப் பார்த்தாக வேண்டும் என்றானது. உயரத்தில் செய்யும் வேலைக்கென்றே தனி விதிகள் 2013இல் வந்தன. 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலை என்றால் பெர்மிட் இல்லாமல் தொடங்க முடியாது. பக்கெட்டில் ஏறி மரம் கழிக்கும் வேலை பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியதுதான்.

அமெரிக்கப் புத்தகத்தை அப்படியே இங்கே நடத்த முடியாது. அங்கே தலைக்கு மேல் கம்பி, இங்கே மின்கம்பிகள் மண்ணுக்கடியில். அதனால் இங்கே ஆபத்து காலடியில் இருக்கிறது. லிஃப்ட் வண்டி நான்கு கால்களையும் இறக்கி ஊன்றித்தான் நிற்கும். சாலையோரமெல்லாம் மூடிய சாக்கடை. புல் மறைத்துக்கொண்டிருக்கும் கான்கிரீட் மூடியின் மேல் ஒரு கால் இறங்கினால், வண்டி தாங்கும், மூடி தாங்காது. ராத்திரி பெய்த மழையில் புல்தரை ஊறியிருந்தால் பலகை போட்டாலும் அமுங்கும். கால்களை இறக்கியபின் ஆளை ஏற்றாமல் பூமை முழுக்கச் சுற்றிப் பார்க்கச் சொல்வேன். எந்தக் கால் எவ்வளவு இறங்குகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தாண்டிப்போகும் படி இதுதான்.

மேலே போனால் வேறு சங்கதிகள். தூங்குமூஞ்சியின் கிளைகளில் பெரிய பெரிய பெரணிகள் கூடு கட்டியதுபோல் உட்கார்ந்திருக்கும். பார்க்க அழகு. மழை குடித்த பெரணிக் கொத்து ஒன்று கீழே விழுந்தால் ஆளைச் சாய்த்துவிடும். அதன் அடியில் கிளை உளுத்திருந்தாலும் தெரியாது. கயிற்றுக்காரன் காலால் அழுத்திக் கண்டுபிடித்திருப்பான்; பக்கெட்காரன் கண்ணை மட்டும் நம்புகிறான். அதனால் அறுக்கும் முன் பெரணியை விலக்கி, நீண்ட கழியால் கிளையைத் தட்டிக் கேட்கச் சொல்கிறேன். குளவிக் கூடு இன்னொன்று. தரையில் இருந்தால் ஓடலாம், பக்கெட்டில் எங்கே ஓடுவது? பதற்றத்தில் கொக்கியைக் கழற்றி வெளியே தாவ நினைத்தவரைப் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலையிடத்தில் நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். எங்கே, எந்த நிறுவனம் என்பது வேண்டாம். முந்தின நாள் மழை. மேலே இருந்தவர் மன்னார்குடிப் பக்கம். பெரிய கிளை ஒன்றைக் கயிறு கட்டாமல் ஒரே துண்டாக அறுக்கச் சொல்லியிருந்தார்கள், சாலையைச் சீக்கிரம் திறக்க வேண்டுமாம். கிளை நுனி முதலில் தரையைத் தொட்டது. நுனி ஊன்றிக்கொள்ள, அடிப்பக்கம் எகிறி வந்து பூமை அடித்தது. பக்கெட் ஒரு ஆள் உயரத்துக்குத் துள்ளியது. அவர் இரண்டு காலும் விளிம்புக்கு மேலே வந்ததைப் பார்த்தேன். கொக்கி இழுத்து உள்ளேயே போட்டது. செயின்சா தரையில் விழுந்து நின்றது. அவருக்குத் தோளில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கீழே லீவர் பக்கத்தில் நிற்க வேண்டியவர் கிளை இழுக்கப் போயிருந்தார். வேறு யாருக்கும் அவரை இறக்கத் தெரியவில்லை. அந்த அமைதியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் போய் லீவரைப் பிடிக்கும்வரை மூன்று பேர் வாயைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூவரிடமும் பயிற்சி பெற்ற அட்டை இருந்தது.

அட்டை வாங்கிய வகுப்பு எந்த மொழியில் நடந்தது, திரையில் ஓடிய படங்களுக்கு எத்தனை பேர் புரியாமல் தலையாட்டினார்கள் என்பதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. சிங்கப்பூரில் பாதுகாப்புப் பாடங்கள் தமிழிலும் வங்காளத்திலும் சீனத்திலும் நடக்கின்றன, அது பெரிய விஷயம். ஆனால் புத்தகத் தமிழில் வாசித்துவிட்டுப் போவதும் போதாது. ‘உயர்த்தும் மேடை’ என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. பக்கெட், பூம், கொக்கி, லீவர் என்று சொன்னால் கை தானாக அங்கே போகும். கேட்பவர் பயந்து கேள்வி கேட்காமல் இருப்பதும் உண்டு. தெரியாது என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற கவலை. அதனால் என் வகுப்பில் முதல் கேள்வியை நானே வயதில் மூத்தவரிடம் கேட்டு, அவர் தெரியாது என்று சொல்லும்படி செய்வேன். அவர் சொன்னபின் இளையவர்கள் வாய் திறப்பார்கள்.

கடைசி நாள் மீட்பு ஒத்திகை. நான் ஹார்னஸை மாட்டிக்கொண்டு பக்கெட்டில் மேலே போவேன். எஞ்சின் நின்றுவிட்டது, எனக்கு நினைவு தப்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். கீழே இருப்பவர் முதலில் சத்தம் போட்டு என்னைக் கூப்பிட வேண்டும், பதில் வராவிட்டால்தான் கீழ்க் கட்டுப்பாட்டைத் தொடலாம். மேல் கட்டுப்பாட்டிலிருந்து கீழுக்கு மாற்றும் சாவி எங்கே, எஞ்சின் இல்லாமல் இறக்கும் கைப்பம்பு எங்கே, பூமை இறக்கும்போது எந்தக் கிளையில் மாட்டும் என்று பார்த்துச் சுற்ற வேண்டும். ஒருவர் வண்டியில், ஒருவர் ஆம்புலன்ஸுக்கு, ஒருவர் சாலையைத் தடுக்க. தரைக்கு வந்ததும் தொடைப் பட்டியைத் தளர்த்த வேண்டும். முதல் சுற்றில் யாராவது கைப்பம்பைத் தேடி வண்டியைச் சுற்றி ஓடுவார்கள். அடுத்த சுற்றில் ஓட மாட்டார்கள். ஒருவர் செய்து முடித்ததும் ஹார்னஸை அவருக்கு மாட்டி மேலே அனுப்புவேன். அதுவரை மேலே இருந்தவர் இறங்கி வந்து கீழே லீவரைப் பிடிப்பார். வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு முறை மேலேயும் ஒரு முறை கீழேயும் நின்ற பிறகுதான் அட்டையில் கையெழுத்துப் போடுவேன்.